ப்ராசஸ்லிஸ்ட்டைப் பார்த்த கையோடு கில் பண்ணாதீர்கள்

"டிபி தொங்குது" என்று யாராவது சொன்னதும் கை தானாக அடிப்பது ஷோ ப்ராசஸ்லிஸ்ட், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரில் இப்போது யார் யார் இணைந்து என்ன செய்கிறார்கள் என்று பட்டியல் காட்டும் கட்டளை. அதில் தப்பில்லை. அதற்கு அடுத்து கை செய்கிற வேலையோடுதான் எனக்குச் சண்டை. டைம் கட்டத்தில் யாருக்குப் பெரிய எண் இருக்கிறது என்று தேடி, அந்த ஐடியை கில் பண்ணிவிட்டு (வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டு), "இப்ப பாருங்க சார், சரியாச்சா?" என்று கேட்பது. சில நேரம் சரியாகவும் ஆகிவிடும், அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. பல வருஷம் மைஎஸ்கியூஎல் சர்வர்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது இது: அந்தப் பட்டியலில் சத்தம் போடுகிற வரி பெரும்பாலும் மாட்டிக்கொண்டவன். மாட்டிவிட்டவன் வேறு எங்கோ ஸ்லீப் என்று போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான்.

முதலில், பட்டியலையே முழுசாகப் பார்க்கிறோமா என்பது. ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு திரெட் (சர்வருக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) என்பது மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு வரி வரும்: ஐடி, யூசர், ஹோஸ்ட், எந்த டேட்டாபேஸ், கமாண்ட், டைம், ஸ்டேட், இன்ஃபோ. இன்ஃபோவில்தான் குவெரி இருக்கும், ஆனால் முதல் 100 எழுத்து மட்டும். இன்றைய ஃபிரேம்வொர்க்குகள் எழுதித் தள்ளுகிற செலக்ட்டில் அந்த 100 எழுத்தும் காலம் (டேபிளின் நெடுவரிசை) பெயர்களிலேயே தீர்ந்துவிடும், எந்த டேபிள் என்றுகூடத் தெரியாது. அதனால் எப்போதும் நடுவில் ஃபுல் சேர்த்து ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் என்றே அடிப்பது நல்லது.

இன்னொன்று உரிமை சம்பந்தப்பட்டது. ப்ராசஸ் என்ற உரிமை இல்லாத யூசரில் நுழைந்து பார்த்தால் அந்த யூசரின் திரெட்டுகள் மட்டும்தான் தெரியும். எரரும் வராது, எச்சரிக்கையும் வராது, பட்டியல் மட்டும் சின்னதாக வரும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் போனில் அடித்துச் சொன்னான்: "அண்ணா, சர்வர்ல ஒண்ணுமே ஓடல, ஒரே ஒரு கனெக்‌ஷன்தான் இருக்கு, அதுவும் என்னோடது. நெட்வொர்க்தான் போயிருக்கும்."

"எந்த யூசர்ல உள்ள போன தம்பி?"

"ரிப்போர்ட் யூசர்லண்ணா."

அவ்வளவுதான் விஷயம். நெட்வொர்க் டீமை எழுப்பாமல் தப்பித்தோம்.

சரி, டைமுக்கு வருவோம். அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுகிற கட்டம் இதுதான் என்பது என் கணிப்பு. ஒரு திரெட் இப்போது செய்துகொண்டிருக்கிற வேலையில் எத்தனை விநாடியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். கமாண்ட் ஸ்லீப் என்றிருந்தால், கடைசி வேலை முடிந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று அர்த்தம். கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளை மூடாமல் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் தொகுப்பு) வைத்திருக்கிற ஆப் இருந்தால் ஸ்லீப் 4000, ஸ்லீப் 7000 என்று வரிசையாக நிற்கும், அது சகஜம். வெயிட் டைம்அவுட் என்ற அமைப்பின் இயல்பான மதிப்பே 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். அந்த வரிகளைப் பார்த்துப் பதறி மொத்தமாக கில் பண்ணினால், பூல் செத்த கனெக்‌ஷனை எடுத்து ஆப்புக்குக் கொடுத்து, இல்லாத எரர் எல்லாம் புதிதாக வரும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. டைம் 1 என்று காட்டுகிற திரெட் 40 நிமிஷமாகத் திறந்து வைத்த டிரான்சாக்‌ஷனுக்குள் (ஒன்றாகவே முடிய அல்லது ஒன்றாகவே ரத்தாக வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) குட்டிக் குட்டி அப்டேட்டுகளாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் டைம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஆனால் பிடித்த லாக் (மற்றவர்கள் அதே வரியை மாற்றாமல் தடுக்கும் பூட்டு) ஒன்றும் விடுபடாது. டிரான்சாக்‌ஷனின் வயசு ப்ராசஸ்லிஸ்ட்டுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் (சர்வர் தன்னைப் பற்றியே தகவல் சொல்லும் டேபிள்களின் தொகுப்பு) இன்னோடிபி டிஆர்எக்ஸ் என்ற டேபிளைப் பார்க்க வேண்டும். எப்போது தொடங்கியது, எத்தனை வரிகளை லாக் பண்ணியிருக்கிறது, எத்தனை வரிகளை மாற்றியிருக்கிறது, ப்ராசஸ்லிஸ்ட்டில் அதன் ஐடி என்ன என்பதெல்லாம் அங்கே இருக்கும். தொடங்கிய நேரத்தால் வரிசைப்படுத்திப் பார்த்தால் பாதி கேஸ் அங்கேயே உடைந்துவிடும்.

பட்டியலை இறக்குவதற்கு முன்னால் நான் பார்ப்பது இரண்டு எண்கள்: திரெட்ஸ் கனெக்டட், திரெட்ஸ் ரன்னிங். ஷோ குளோபல் ஸ்டேட்டஸ் கொடுத்தால் கிடைக்கும். 400 பேர் இணைந்திருந்து 3 பேர் ஓடிக்கொண்டிருந்தால் டேட்டாபேஸ் நிம்மதியாக இருக்கிறது, பிரச்சினையை வேறு இடத்தில் தேடுங்கள். 8 கோர் உள்ள மெஷினில் 60 பேர் ரன்னிங்கில் இருந்தால் ஏதோ நடக்கிறது. ஆனால் லாக்குக்காகக் காத்துக் கிடப்பவர்களும் இந்த ரன்னிங் கணக்கில்தான் வருவார்கள். அதனால் சிபியு எவ்வளவு என்று பக்கத்திலேயே ஒரு பார்வை. ரன்னிங் அதிகம், சிபியுவும் அதிகம் என்றால் கெட்ட குவெரி. ரன்னிங் அதிகம், சிபியு சும்மா இருக்கிறது என்றால் யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள், இல்லையென்றால் டிஸ்க் இழுக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்துவிட்டால் அப்புறம் பட்டியலை எந்தக் கண்ணோடு படிப்பது என்பது தானாக முடிவாகிவிடும்.

இரண்டாவது வகைக்கு என்னிடம் இருக்கிற நல்ல உதாரணம் ஒரு பில்லிங் சர்வரில் நடந்தது. மதிய நேரம், கூட்டம் குறைவு என்று ஆர்டர் டேபிளில் ஒரு காலம் சேர்க்க ஆல்டர் டேபிள் கொடுத்திருந்தார்கள். மைஎஸ்கியூஎல் 8, காலம் சேர்ப்பது நொடியில் முடிகிற வேலை. முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பில் போடுகிற கவுன்டர்கள் எல்லாம் நின்றுவிட்டன, சிபியு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல 5 சதவீதத்தில் இருக்கிறது.

பட்டியலை இறக்கினால், உச்சியில் ஈவென்ட் ஷெட்யூலர் என்று ஒரு யூசர், கமாண்ட் டீமன், டைம் லட்சக்கணக்கில். அதைப் பார்த்துப் பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்வர் எழுந்ததிலிருந்து அங்கேயே கிடக்கிற உள்வேலைத் திரெட் அது, 8.0-லிருந்து இயல்பாகவே ஓடும், விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே வரிசையாக ஸ்டேட் கட்டத்தில் ஒரே வாசகம்: வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக். செலக்ட், இன்சர்ட், அப்டேட் என்று ஆர்டர் டேபிளைத் தொடுகிற எல்லாமே அதில். வரிசையின் முதல் ஆளாக அந்த ஆல்டர், அதற்கும் அதே வாசகம்.

இந்த மெட்டாடேட்டா லாக் 5.5-ல் வந்தது. ஒரு டிரான்சாக்‌ஷன் ஒரு டேபிளை வெறுமனே படித்திருந்தாலும், அது முடிகிறவரை அந்த டேபிளின் அமைப்பை யாரும் மாற்ற முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. வில்லங்கம் வரிசையில்தான். அப்பார்ட்மென்ட் மாடிப்படியில் ஒருத்தர் போன் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள், ஆட்கள் அவரை ஒதுங்கித் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்து அவர் எழுந்திருக்கட்டும் என்று நின்றார்களோ, பின்னால் வருகிற ஒருத்தராலும் நகர முடியாது. ஆல்டர்தான் பீரோ. திட்டு வாங்குவதும் பீரோ தூக்கியவர்கள்தான்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆல்டரை கில் பண்ணிவிடுங்கள். அது இன்னும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை, கில் பண்ணுவதால் நஷ்டமில்லை, பின்னால் நிற்பவர்கள் அந்தக் கணமே விடுபடுவார்கள். பில் ஓட ஆரம்பித்த பிறகு படியில் உட்கார்ந்திருந்தவரைத் தேடலாம். இதை மாற்றிச் செய்து, மூல காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கடை முழுக்கக் காத்திருக்கும்போது ஆராய்ச்சி பண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் கில் பண்ணுவதற்கு முன்னால் பட்டியலை ஒரு ஃபைலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது 2 விநாடி வேலை, அப்புறம் அந்தக் காட்சி திரும்பக் கிடைக்காது.

தேடுவது எப்படி? சிஸ் ஸ்கீமாவில் ஸ்கீமா டேபிள் லாக் வெயிட்ஸ் என்று ஒரு வியூ இருக்கிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஜோடி ஜோடியாகக் காட்டும். கொத்துக் கொத்தாக வரிகள் கொட்டும், ஆல்டர் தன்னைத் தானே மறித்துக்கொண்டிருப்பதாகக்கூட ஒரு வரி வரும், குழம்ப வேண்டாம். காத்திருப்பவர் ஆல்டராகவும் மறிப்பவர் வேறு ஐடியாகவும் இருக்கிற வரியை மட்டும் எடுங்கள். 5.7-ல் இந்த வியூ காலியாக இருந்தால், மெட்டாடேட்டா லாக்கைக் கவனிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே அது இயல்பாக அணைந்தே இருக்கும், பிரச்சினை வருவதற்கு முந்தியே ஏற்றி வைக்க வேண்டும். 8.0-ல் அந்தக் கவலை இல்லை.

எங்களுக்குக் கிடைத்த ஐடியைப் பட்டியலில் பார்த்தால் ஸ்லீப், டைம் 2300 சொச்சம், இன்ஃபோ காலி. என்ன குவெரி ஓட்டினான் என்பதே தெரியவில்லை, ஏனென்றால் அது எப்போதோ முடிந்துவிட்டது. இதற்கு பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் ஈவென்ட்ஸ் ஸ்டேட்மென்ட்ஸ் ஹிஸ்டரி உதவும், ஒவ்வொரு திரெட்டும் கடைசியாக ஓட்டிய சில கட்டளைகளை அது வைத்திருக்கும். இங்கே கேட்கிற திரெட் ஐடியும் ப்ராசஸ்லிஸ்ட்டில் இருக்கிற ஐடியும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் இணைப்பது திரெட்ஸ் என்ற டேபிள். பார்த்தால், ஆர்டர் டேபிளிலிருந்து ஒரு சாதாரண செலக்ட், லிமிட்கூடப் போட்டிருந்தது.

யாருடையது? ஹோஸ்ட் கட்டத்தில் ஐபியும் முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒரு போர்ட் எண்ணும் இருக்கும், அந்தப் போர்ட்டை யாரும் மதிப்பதில்லை. அந்த ஐபி உள்ள மெஷினுக்குப் போய் லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை டிஎன்பி தெரிவுகளோடு ஓட்டி அந்தப் போர்ட்டைத் தேடினால், எந்த ப்ராசஸ் அந்தக் கனெக்‌ஷனைப் பிடித்திருக்கிறது என்று பிஐடியோடு வந்து நிற்கும். எங்களுக்கு வந்தது பைத்தான், ஒரு ஜுப்பிட்டர் நோட்புக் (பைத்தான் கோடைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் கருவி). அனலிட்டிக்ஸ் பெண் ஒருவர் காலையில் டேட்டா எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அவர் மேல் குற்றமே இல்லை. பைத்தானின் டேட்டாபேஸ் இணைப்பு நூலகங்களில் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் தானாக கமிட் சொல்லி முடித்துவிடும் அமைப்பு) இயல்பாகவே அணைந்திருக்கும், அதனால் ஒரு செலக்ட் அடித்தாலும் டிரான்சாக்‌ஷன் திறந்துவிடும், கமிட் சொல்கிறவரை மூடாது. வெறும் படிப்புக்கு எதற்கு கமிட் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதன் பிறகு நோட்புக் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆட்டோகமிட் போட்ட கனெக்‌ஷன் துண்டு ஒன்றை எழுதிக் கொடுத்தோம், முடிந்தால் ரெப்ளிகாவுக்கு (நகல் சர்வருக்கு)ப் போங்கள் என்றும் கேட்டுக்கொண்டோம்.

ஆல்டர் பக்கத்திலும் ஒரு மாற்றம். லாக் வெயிட் டைம்அவுட் என்ற அமைப்பின் இயல்பான மதிப்பைப் போய்ப் பாருங்கள்: 31536000 விநாடி, கணக்குப் போட்டால் ஒரு வருஷம். அதாவது உங்கள் ஆல்டர் கேள்வி கேட்காமல் ஒரு வருஷம் வாசலில் நிற்கத் தயார். இப்போது எங்கள் ஸ்கிரிப்ட்டுகள் எல்லாவற்றிலும் முதல் வரியே அந்த செஷனுக்கு அதை 5 ஆக்குவதுதான். கிடைக்கவில்லையா, தோற்றுப் போகட்டும், கொஞ்சம் கழித்து மறுபடி முயலலாம்.

வரி அளவிலான லாக் இதைவிடத் தந்திரம், ஏனென்றால் ஸ்டேட் கட்டம் அங்கே வாயே திறக்காது. ஒரு அப்டேட் இன்னொருவர் பிடித்த வரிக்காகக் காத்திருந்தால் ஸ்டேட்டில் அப்டேட்டிங் என்று ஏதோ மும்முரமாக வேலை செய்வது போலத்தான் காட்டும். செலக்ட் ஃபார் அப்டேட் என்றால் இன்னும் மோசம், ப்ரைமரி கீ வைத்து ஒரே வரியைக் கேட்டுக் காத்திருக்கும்போது ஸ்டேட்டில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று வரும். அதைப் பார்த்துவிட்டு அனலைஸ் டேபிள் ஓட்டி ஆப்டிமைசரைச் சரிசெய்யக் கிளம்பிய குழுக்கள் உண்டு. சந்தேகம் வந்தால் சிஸ் ஸ்கீமாவில் இன்னோடிபி லாக் வெயிட்ஸ் வியூவைப் பாருங்கள், மறிப்பவன் ஐடியும் அவனை கில் பண்ணுவதற்கான கட்டளையும் தயாராக எழுதியே இருக்கும். இந்தக் காத்திருப்பு மட்டும் 50 விநாடியில் தானாக முறியும், ஆப்பின் பதிவு ஃபைலில் 1205 என்ற எண்ணோடு எரர் விழும்.

மற்ற ஸ்டேட்டுகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பதிப்புகளில் செண்டிங் டேட்டா என்று வந்தால் நெட்வொர்க்கில் அனுப்புகிறது என்று நினைக்காதீர்கள், வரிகளைப் படித்துச் சலித்துக்கொண்டிருப்பதும் அதில் அடக்கம், 8.0.17-லிருந்து அதை எக்ஸிகியூட்டிங்கோடு சேர்த்துவிட்டார்கள், நல்ல காரியம். கிரியேட்டிங் சார்ட் இண்டெக்ஸ் நிறைய பேருக்கு ஒரே நேரத்தில் இருந்தால், ஆர்டர் பைக்குத் தோதான இண்டெக்ஸ் இல்லை. வெயிட்டிங் ஃபார் ஹேண்ட்லர் கமிட் குவிந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். யூசர் கட்டத்தில் அன்ஆதென்டிகேட்டட் யூசர் என்று பத்து, இருபது வரி நின்றால் பெரும்பாலும் டிஎன்எஸ்தான், வருகிறவரின் ஐபிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. ஸ்கிப் நேம் ரிசால்வ் போட்டால் தீரும், ஆனால் ஹோஸ்ட் பெயர் வைத்துக் கொடுத்த யூசர் உரிமைகள் அதன் பிறகு வேலை செய்யாது, முதலில் அதைச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். இன்ஃபோவில் செலக்ட்டுக்கு அடுத்து 40001 என்ற எண்ணோடு எஸ்கியூஎல் நோ கேஷ் என்று ஒரு கமென்ட் தெரிந்தால் அது மைஎஸ்கியூஎல்டம்ப், யாரோ பேக்அப் எடுக்கிறார்கள், நடு மதியத்தில் ஏன் எடுக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள்.

கில்லுக்கு வருவோம். கில் குவெரி என்றால் ஓடுகிற கட்டளை மட்டும் நிற்கும், கனெக்‌ஷன் இருக்கும். வெறும் கில் என்றால் கனெக்‌ஷனோடு போகும். ஸ்லீப்பில் இருக்கிறவன் மேல் கில் குவெரி அடிப்பதில் பயனே இல்லை, நிறுத்துவதற்கு அங்கே குவெரி எதுவும் ஓடவில்லை, லாக் அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், ஒரு மணி நேரமாக லட்சக்கணக்கான வரிகளை மாற்றிக்கொண்டிருந்த டெலீட்டை கில் பண்ணினால் உடனே போகாது. கமாண்ட் கட்டத்தில் கில்டு என்று போட்டுக்கொண்டு அங்கேயே நிற்கும், செய்ததை எல்லாம் திரும்பப் போட வேண்டுமே, அது செய்ததைவிட அதிக நேரமும் எடுக்கலாம். இந்த இடத்தில்தான் மேலே இருந்து ஒரு குரல் வரும், "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிடலாமா?" என்று. வேண்டாம். எழுந்த பிறகும் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் டேட்டா சேமிப்புப் பகுதி) விட்ட இடத்திலிருந்து அந்த ரோல்பேக்கைத்தான் தொடரும், கூடவே பஃபர் பூலும் (மெமரியில் தயாராக வைத்திருந்த டேட்டா) காலியாகிவிட்டிருக்கும். இன்னோடிபி டிஆர்எக்ஸ் டேபிளில் மாற்றிய வரிகளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருவதைச் சில நிமிஷம் கவனித்தால், எப்போது முடியும் என்று ஒரு உத்தேசக் கணக்கு சொல்லிவிடலாம். அந்தக் கணக்கைச் சொன்னாலே கூட்டம் அமைதியாகிவிடும்.

சில நேரம் உள்ளேயே நுழைய முடியாது, 1040, டூ மெனி கனெக்‌ஷன்ஸ். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 151. அதற்கு மேல் ஒரு இடத்தை நிர்வாகிக்காகவே மைஎஸ்கியூஎல் ஒதுக்கி வைத்திருக்கும், ஆனால் ஆப் ரூட் யூசரிலேயே ஓடுகிறது என்றால் அந்த இடத்தையும் ஆப்பே தின்றிருக்கும். ஆப்புக்கு ரூட் கொடுக்காதீர்கள் என்பதற்குப் பாதுகாப்பு தவிர இப்படியும் ஒரு காரணம். 8.0.14-லிருந்து நிர்வாகத்துக்குத் தனி வாசலே உண்டு, அட்மின் அட்ரஸ் கொடுத்தால் 33062 போர்ட்டில் திறக்கும். ஓடுகிற சர்வரில் அதைப் போட முடியாது, ரீஸ்டார்ட் வேண்டும், ஆகவே அடுத்த பராமரிப்பு நேரத்தில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. பழைய ஷோ ப்ராசஸ்லிஸ்ட் பட்டியலைத் தொகுக்கும்போது எல்லாத் திரெட்டுக்கும் பொதுவான ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய உள்பூட்டை)ப் பிடிக்கும், ஆயிரக்கணக்கில் கனெக்‌ஷன் இருக்கிற சர்வரில் மூன்று கண்காணிப்புக் கருவிகள் விநாடிக்கு ஒருமுறை கேட்டால் அதுவே தனிச் சுமை. 8.0.22-லிருந்து பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் ப்ராசஸ்லிஸ்ட் என்றே ஒரு டேபிள் இருக்கிறது, அதற்கு அந்த மியூடெக்ஸ் தேவையில்லை. டேபிள் என்பதால் வேண்டியபடி வடிகட்டலாம், யூசர் வாரியாக, ஸ்டேட் வாரியாக எண்ணலாம். ஆயிரம் வரியைக் கண்ணால் உருட்டுவதைவிட எந்த ஸ்டேட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது எனக்கு எப்போதும் வேகமாக வழி காட்டியிருக்கிறது. அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு சேவைக்கும் தனி யூசர் வேண்டும், எல்லாவற்றுக்கும் ஆப்யூசர் என்று ஒன்றே வைத்திருந்தால் எண்ணி ஒரு பிரயோஜனமும் இல்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ்காரர்களைப் பார்த்து இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறாமை. அங்கே கனெக்‌ஷனுக்கு ஒரு தனி ப்ராசஸ், பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் பார்த்தால் ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் என்று பச்சையாக எழுதியே இருக்கும், 9.6-லிருந்து அப்படி உட்கார்ந்திருப்பவர்களைத் தானாக வெளியேற்ற ஒரு டைம்அவுட்டும் உண்டு. நம்ம ஊர் ஸ்லீப் எல்லாமே ஒரே முகம்தான். அதனால் நான் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன்: இன்னோடிபி டிஆர்எக்ஸையும் ப்ராசஸ்லிஸ்ட்டையும் இணைத்து, ஸ்லீப்பில் இருந்துகொண்டே 5 நிமிஷத்துக்கு மேல் டிரான்சாக்‌ஷன் திறந்து வைத்திருப்பவர்களை மட்டும் எழுதி அனுப்பும். கில் பண்ணாது, அனுப்பும் அவ்வளவுதான்.

ப்ராசஸ்லிஸ்ட் பட்டியலை வாட்ஸ்ஆப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட்டாகப் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இன்ஃபோ கட்டத்தில் எந்த வரி வேண்டும் என்று சொல்லும் வேர் நிபந்தனையோடு வாடிக்கையாளரின் போன் நம்பர், ஈமெயில் எல்லாம் அப்படியே இருக்கும். அதனால்தான் ப்ராசஸ் உரிமையையும் யோசித்துத்தான் கொடுக்கிறேன். ஜூனியர்களுக்கு அதை மட்டும் கொடுத்தால் எல்லாத் திரெட்டையும் பார்க்க முடியும், மற்றவர் திரெட்டை கில் பண்ண முடியாது. அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு மாஸ்டர் யூசரிடம் சூப்பர் உரிமை இருக்காது, கில் பண்ணுவதற்கு அவர்களே ஆர்டிஎஸ் கில், ஆர்டிஎஸ் கில் குவெரி என்று இரண்டு ப்ரொசீஜர் கொடுத்திருக்கிறார்கள், கால் கட்டளையில் அதைக் கூப்பிட்டு ஐடியைக் கொடுத்தால் போதும்.